கையில் என்ன கொடுப்பது

டிராயிங் டீச்சர் என்னை முதன்முதலாகப் பார்த்தபோது என் ஒரு கையில் தகரப் பெட்டியும் இன்னொரு கையில் படுக்கைச் சுருளும் இருந்தன. வேலூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து சித்தூரில் இறங்கி, மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தின் ஆசிரியைகள் குடியிருப்பைத் தேடிப் பிடித்திருந்தேன். கணக்கு டீச்சராக எனக்கு அது முதல் வேலை. வாசலில் நின்ற உயரமான அம்மாள் வழிவிடவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பென்சிலை நீட்டி என் நெற்றியை அளந்தார்.

"விவேகம்," என்றார். "கைல இருக்கறதைக் கீழ வைங்க. அதெல்லாம் உங்களுக்குச் சேராது. ஒரு கைல முகம் பாக்கற கண்ணாடி, இன்னொரு கைல பாம்பு. அப்பத்தான் விவேகம்."

பாம்பு வேண்டாம் என்றேன்.

"சின்னப் பாம்புதான்," என்றார்.

பக்கத்துப் பக்கத்து அறையில் ஏழெட்டு வருஷம் இருந்தோம். அவரை நான் அக்கா என்று கூப்பிட்டேன். மற்ற எல்லோருக்கும் அவர் டிராயிங் டீச்சர். அவருக்கென்று வைத்த பெயர் சம்பளப் பட்டியலிலும் சர்ச்சிலும் மட்டும்தான் புழங்கியது. சித்தூரிலேயே பிறந்து வளர்ந்த பழைய கிறிஸ்தவக் குடும்பம். இளம் வயதில் சென்னைக்குப் போய்ச் சித்திரப் பள்ளியில் படித்திருந்தார். அங்கே சுண்ணாம்பில் செய்த கையையும் காலையும் வருஷக்கணக்காக வரைய வைத்தார்களாம். முழு மனுஷியை வரைய விடுவதற்குள் படிப்பு முடிந்துவிட்டது என்று சொல்வார். முழு மனுஷிகளை அவர் கற்றுக்கொண்டது ஒரு தடிப் புத்தகத்திலிருந்து. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு மிஷனரி அம்மாள் விட்டுப் போனது. போன நூற்றாண்டில் ஐரோப்பாவில் பெரிய பெரிய கண்காட்சிகளில் தொங்கிய படங்களின் அச்சுகள் அதில் இருந்தன.

அந்தப் புத்தகத்தில் நாடுகளெல்லாம் பெண்கள். ஒருத்தி ஆற்றங்கரைப் பாறையில் கேடயத்தோடு உட்கார்ந்திருப்பாள். ஒருத்தி உடைந்த விலங்கை மிதித்துக்கொண்டு கொடி பிடித்திருப்பாள். நாடுகள் மட்டுமில்லை. நீதி, தொழில், கல்வி, சமாதானம், நீராவி என்ஜின் வரைக்கும் எல்லாம் தடித்த கழுத்தும் மடிப்பு மடிப்பான துணியுமாக நிற்கும் அம்மாள்கள்தான்.

"இவளைப் பாரு," என்று ஒரு படத்தைக் காட்டினார், நான் போய்ச் சேர்ந்த வாரமே. அதற்குள் 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது. "இவ ஜெர்மனி. இவளை எழுதினப்ப ஜெர்மனின்னு ஒரு நாடே கிடையாது. துண்டு துண்டா சமஸ்தானங்கதான். முதல்ல இவ வந்தா. நாடு பின்னால வந்துச்சு."

"படம் போட்டா நாடு வந்துடுமா அக்கா?"

"நாடுன்னா என்ன? மலை, ஆறு, தாலுகா ஆபீசு. தாலுகா ஆபீசைப் பாத்து யாராவது எழுந்து நிப்பாங்களா? ஒரு பொம்பளையா எழுதி நிறுத்து, அத்தனை பேரும் எழுந்து நிப்பாங்க."

"ஏன், ஆம்பளையா எழுதக் கூடாதா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஆம்பளைய எழுதினா அது ஒரு ஆளும்மா. யாரு, எந்த ஊருன்னு கேப்பாங்க. பொம்பளைய எழுதினாத்தான் அது ஒரு விஷயம்."

தெருவில் அவரோடு நடப்பது சிரமம். எதிரே வருகிறவர்களை நிறுத்தி, அவர்கள் கையில் இருப்பதை வாங்கி வேறொன்றைக் கொடுத்துப் பார்ப்பார். தபால் ஆபீஸ் வாசலில் வெற்றிலை விற்ற அம்மாளை நீதியாக்கித் தராசைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னதில், அன்றைக்கு அவள் வியாபாரம் அரை மணி நேரம் நின்றது. துணி மடிப்பு எப்படி விழுகிறது என்று பார்க்க என் படுக்கை விரிப்பைக் கஞ்சியில் நனைத்து நாற்காலி மேல் போட்டுவிடுவார். சாயங்காலம் நான் வந்து பார்த்தால் என் விரிப்பு நாற்காலியின் உருவத்தில் விறைத்து நிற்கும். பல ராத்திரி நாற்காலி மடிப்பின் மேல்தான் படுத்துத் தூங்கினேன்.

பங்காருபாளையத்து மாங்காய் வியாபாரி ஒருவர் அவரிடம் வந்து மாட்டிக்கொண்டார். சித்தூர் மண்டிக்கு ஒரு போர்டு வேண்டுமென்று கேட்டார். மாம்பழம் படம் போட்டால் போதும் என்றார். டீச்சர் ஒரு மாதம் கழித்துக் கொடுத்தது 'செழிப்பு'. ஆள் உயரத்தில் ஒரு பெண், கையில் பெரிய கொம்பு, கொம்பிலிருந்து திராட்சையும் ஆப்பிளும் ஐரோப்பாவின் இன்னபிற பழங்களும் கொட்டிக்கொண்டிருந்தன.

"மாங்கா எங்க டீச்சர்?" என்றார் வியாபாரி.

"கால் கிட்ட பாருங்க."

கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு மாங்காய் இருந்தது. அதுவும் பாதி நிழலில். போர்டை மாட்டிய மறுநாளே காணிப்பாக்கத்துப் பிள்ளையாரைக் கும்பிட வண்டி கட்டிப் போன ஒரு குடும்பம் நிறுத்தி, இறங்கி, அந்த அம்மாளுக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் கொளுத்திவிட்டுப் போனது. அது வழக்கமாகிவிட்டது. "கும்புட நெறைய பேர் வராங்க டீச்சர்," என்றார் வியாபாரி சில நாள் கழித்து. "வாங்கத்தான் யாரும் வரதில்ல. கோயில்ல போயி வெலை கேக்கக் கூச்சப்படறாங்க." ஆனாலும் போர்டை எடுக்க அவருக்கும் பயம். கற்பூரம் ஏற்றிய பிறகு எடுக்கலாமா என்று தெரியவில்லை.

அந்தச் செழிப்பின் முகமும், அவர் எழுதிய மற்ற எல்லா முகங்களும் ஒன்றுதான். நாங்கள் சாப்பிட்ட பள்ளி ஹாஸ்டலில் சமைத்த முனியம்மாவின் முகம்.

முனியம்மா பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிராமத்துக்காரி. புருஷன் இல்லை. ஒரே மகன் ஊரில் மாமனோடு இருந்தான். அகன்ற முகம், அகன்ற மூக்கு, அதில் சிவப்புக் கல் மூக்குத்தி, அண்டாவைத் தனியாக இறக்கிப் பழகிய தோள்கள். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பாள். கடைசியில் இரண்டிலும் சேர்த்துத் திட்டுவாள்.

"சித்திரப் பள்ளியில என்ன சொல்லிக் குடுத்தாங்க தெரியுமா?" என்பார் டீச்சர். "ஒருத்திகிட்ட கண்ணை எடுத்துக்கோ, இன்னொருத்திகிட்ட மூக்கை எடுத்துக்கோ, வேறொருத்திகிட்ட கை. எல்லாம் சேத்து எழுது, அதுதான் இலட்சியம்னாங்க. எனக்கு அலைய வேண்டிய வேலையே இல்லாம எல்லாம் ஒருத்திகிட்டயே கிடைச்சுது."

நிற்பதற்குக் கூலியாக முனியம்மா காசு வாங்கவில்லை. தான் நிற்கும் நேரத்துக்கு டீச்சர் காய் நறுக்கிக் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். டீச்சர் நறுக்கிய கத்தரிக்காய் ஒவ்வொரு துண்டும் ஒரே அளவில், வெளிச்சம் ஒரே பக்கம் விழும்படி அடுக்கி இருக்கும். அதனால் சாப்பாடு தினமும் தாமதமானது.

பெரிய துணி ஒன்றே ஒன்றுதான் அவரிடம் இருந்தது. கதவைவிட உயரம். யுத்த காலத்தில் யாரோ கேட்டு அதில் முனியம்மாவை 'வெற்றி'யாக எழுதியிருந்தார். யுத்தம் முடிந்ததும் படம் திரும்பி வந்தது. கையில் இருந்த வாளைச் சுரண்டிவிட்டுக் கொடியைக் கொடுத்துச் 'சுதந்திர'மாக்கினார். பள்ளிக்கூடத்து விழாவில் ஒருநாள் மேடையில் நின்றுவிட்டு அதுவும் திரும்பி வந்தது. முனியம்மாவையும் அந்தந்தக் காலத்துப் பெயரால்தான் கூப்பிடுவார். "ஏ வெற்றி, கழுத்தை நிமிரு" என்று கூப்பிட்டதாகப் பழைய டீச்சர்கள் சொல்வார்கள். நான் போனபோது அவள் சுதந்திரம். "சுதந்திரம், ரசம் இன்னும் இருக்குதா?" என்று சாப்பாட்டு அறையிலிருந்து குரல் கொடுப்பார். "கீது, துன்னுட்டு எயுந்துரு" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஆந்திரா தனி மாநிலமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சித்தூர் ஜில்லா அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டது. எந்தக் கிராமம் யாருடையது என்ற சண்டை மட்டும் முடியவில்லை. தமிழ்க்காரர்கள் ஒரு பக்கம் கூட்டம் போட்டார்கள், தெலுங்குக்காரர்கள் ஒரு பக்கம் போட்டார்கள். பஸ்களின் பெயர்ப் பலகையில் ஒருநாள் ஒரு மொழிக்குத் தார் பூசினால் மறுநாள் இன்னொரு மொழிக்குப் பூசினார்கள். அந்தச் சமயத்தில் திருப்பதியிலிருந்து ஒரு வக்கீலும் அவரோடு நாலைந்து பேரும் காரில் வந்தார்கள். புது மாநிலத்துக்குத் தாயின் படம் ஒன்று தங்கள் சபைக்கு வேண்டும் என்றார்கள்.

டீச்சர் அன்றைக்கு நடந்த நடையை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. அவருடைய புத்தகத்தில் இருந்தது அவர் வாசலுக்கே வந்துவிட்டது.

தாயின் கையில் என்ன கொடுப்பது என்பதில்தான் தகராறு. ஒருவர் நெற்கதிர் என்றார். ஒருவர் பூர்ண கும்பம் என்றார். ஒருவர் ஏட்டுச்சுவடி, ஒருவர் வாள், இன்னொருவர் கிருஷ்ணா நதியில் வரப்போகும் அணைக்கட்டு. வக்கீல் யோசித்துவிட்டு, நாலு கை வைத்தால் எல்லோருக்கும் திருப்தியாக இருக்குமே என்றார்.

"நாலு கை வெச்சா அது சாமி," என்றார் டீச்சர். "சாமி எல்லாத்தையும் பிடிச்சுக்கும். நாட்டுக்கு ரெண்டே கைதான். எதைப் பிடிக்கிறா, எதை விடறான்னு தெரியணும். அதுக்குத்தான் படம்."

கதிரும் கும்பமும் என்று முடிவானது. அணைக்கட்டுக்காரர் வருத்தத்தோடு போனார். கொடியும் பழைய பின்னணியும் போய், பின்னால் ஏழுமலை வந்தது. முனியம்மாவின் பெயர் மாறியது. "தாயி, சாம்பார்" என்று கேட்டு நாங்கள் சாப்பிட்டோம்.

திறப்பு விழாவுக்கு மூவரும் திருப்பதி போனோம். முனியம்மா கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பஸ் புத்தலப்பட்டைத் தாண்டியதும் கேட்டாள்.

"ஏன் டீச்சரம்மா, அங்க எம் மூஞ்சியத் தொறந்து காட்டும்போ நா எங்க நிக்கிறது?"

"நீ எங்க வேணா நில்லு. எல்லாரும் அங்கதானே பாப்பாங்க."

மண்டபத்து வாசலில் பேட்ஜ் குத்திய ஒரு தொண்டர் எங்கள் இருவரையும் முன்வரிசைக்கு அனுப்பினார். முனியம்மாவின் தோளையும் கையையும் பார்த்தவர், "வண்ட்ட வெனக பக்க" என்று சொல்லிச் சமையலறை இருந்த கொல்லைப்புறத்தைக் காட்டிவிட்டார். நான் எழுந்து போய்ச் சொல்வதற்குள் அவள் போயே விட்டாள். அங்கே புளியோதரைக்கு உப்புப் போதவில்லையாம். அப்புறம் அவளை யாராலும் வெளியே கொண்டுவர முடியவில்லை.

திரையை இழுத்தார்கள். கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. யாரும் சொல்லவில்லை, தானாக எழுந்தது. முன்வரிசையில் டீச்சரின் முகம் நனைந்திருந்தது. "பாரு," என்று என் முழங்கையைப் பிடித்தார், "பாரு, நிக்கிறாங்க." எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கணக்கில் நம்பிக்கை உள்ளவள் நான். அன்றைக்கு அந்த அம்மாள் கும்பத்தோடு நின்றதைப் பார்த்து நானும் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து முனியம்மா கரண்டியோடு பக்கக் கதவு வழியாக வந்து, படத்துக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். முன்வரிசையில் இருந்த ஒரு கிழவி படத்தைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்துக் கைகூப்பினாள். மண்டபத்தில் சலசலப்பு பரவியது. வக்கீலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முனியம்மாவைக் கையைப் பிடித்து மேடையேற்றி, தாயே வந்திருக்கிறாள், இரண்டு வார்த்தை பேசட்டும் என்றார்.

முனியம்மா மைக்கைக் கரண்டியால் தள்ளிவிட்டு, "அல்லாரும் நல்லா இருங்க," என்றாள். "பந்தி போட்டாச்சி. ஆறிப்போறதுக்கு முன்னாடி வந்து துன்னுட்டுப் போங்க."

தாய் பேசியது தமிழில். வக்கீல் மெதுவாக, "மீதி ஏ ஊரு?" என்று தெலுங்கில் ஊரைக் கேட்டார். அவள் எந்த ஊர் என்று சொன்னாள். அந்த வாரம்தான் அந்தச் சுற்றுவட்டாரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று இரண்டு பக்கமும் தீர்மானம் போட்டிருந்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அரவ தல்லி" என்றது. அரவம் என்றால் அவர்கள் பேச்சில் தமிழ். தமிழ்த் தாய்.

யாரும் சண்டை போடவில்லை. பந்தியில் உட்கார்ந்து நன்றாகவே சாப்பிட்டார்கள். வக்கீல் எங்களுக்கு லட்டுப் பிரசாதம் கொடுத்துப் பஸ் ஏற்றிவிட்டார். படம் மட்டும் பங்காருபாளையத்து மாங்காய் லாரியில் சில நாள் கழித்து வந்து சேர்ந்தது.

டீச்சர் கலங்கவில்லை. "எழுந்து நின்னாங்கல்ல?" என்று பஸ்ஸில் கேட்டார்.

"நின்னாங்க அக்கா. அப்பறம் உக்காந்துட்டாங்க."

"அதெல்லாம் உக்காரத்தான் செய்வாங்க. நின்னாங்கல்ல?"

முனியம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து லட்டைப் பிட்டுக்கொண்டிருந்தாள். "அந்தக் கெயவி ஒண்டிதான் என்னியப் பாத்தா," என்றாள்.

படம் வராந்தாவில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று சில வருஷங்கள் கழித்தது. இதற்கிடையில் எல்லைப் பேச்சு சூடாகிவிட்டது. இந்தக் கிராமம் இங்கே, அந்தக் கிராமம் அங்கே என்று பிரிக்கப் போகிறார்கள் என்றார்கள். சித்தூரில் தமிழ்க்காரர்களுக்குத் தலைவராக இருந்தவர் ஒரு ஜவுளிக்கடை முதலாளி. எங்கள் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்குப் பரிசுகளெல்லாம் அவர் கடையிலிருந்துதான் வரும். திருப்பதிக்காரர்கள் நம் தாயை அவமானப்படுத்தித் திருப்பி அனுப்பினார்கள் என்ற கதை எப்படியோ அவர் காதுக்குப் போய், ஒரு பண்டிதரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

டீச்சருக்கு இதிலும் அதே உற்சாகம். அவருக்குக் கட்சி கிடையாது. எந்த இலட்சியமாக இருந்தாலும் அதற்குச் சரியான சாமான் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கும்பத்தைச் சுரண்டினார், யாழைக் கொடுத்தார். யாழை அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆகவே புத்தகத்திலிருந்து எடுத்துப் போட்டார். பண்டிதர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது தேவதூதன் வாசிக்கறது மாதிரி இருக்குதே," என்றார். அது சரிசெய்யக் கூடிய விஷயம்.

முதலாளிக்கு யாழ் பெரிதாகப் படவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குதும்மா. மூக்கு ஒண்ணுதான். கொஞ்சம் எடுப்பா, கூரா இருந்தா நல்லா இருக்கும். நெறமும் ரவ தூக்கிடுங்க. தாய் பாருங்க."

"கையை மாத்தச் சொல்லுங்க, மாத்தறேன். பின்னாடி மலையை எடுக்கச் சொல்லுங்க, எடுக்கறேன். முகத்துல கை வைக்க மாட்டேன்."

"நீங்கதானே சொல்வீங்களாம், ஒருத்திகிட்ட கண்ணு, ஒருத்திகிட்ட மூக்குன்னு. வேற யார்கிட்டயாவது மூக்கை எடுத்துக்கறது."

டீச்சர் சொன்ன பாடமே அவருக்கு எதிரே வந்து நின்றது. தலைமையாசிரியை அம்மாள் கூடவே இருந்தார். ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. "ஒரு மூக்குதானே," என்று அவரும் கெஞ்சினார். மாற்றாவிட்டால் டிராயிங் வகுப்பையே எடுத்துவிட வேண்டியிருக்கும் என்பதையும் இதமாகச் சொன்னார்.

"முடியாதுங்கம்மா," என்றார் டீச்சர்.

முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு சமையல்காரி மூக்கைக் கொண்டாந்து எங்க தாய்க்கு வெச்சிட்டு, மாத்த மாட்டேன்னா என்ன அர்த்தம்?"

"இது சமையல்காரி மூக்கே இல்ல," என்றார் டீச்சர். "அவளுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. அவ சும்மா நின்னா. இது இலட்சியம்."

வராந்தாவை ஒட்டிய ஜன்னல் சமையலறை ஜன்னல். உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த சத்தம் நின்றது.

படம் மறுபடியும் எங்களிடமே தங்கிவிட்டது. அந்த வருஷம் ஆண்டு விழாவுக்குப் பரிசு வரவில்லை. டிராயிங் வகுப்பை எடுத்துவிட்டு டீச்சருக்குத் தையல் வகுப்பைக் கொடுத்தார்கள். தலையணை உறையில் ரோஜாப்பூ போடச் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் நீதியையும் நம்பிக்கையையும் போடச் சொன்னார். தராசும் நங்கூரமும் தைத்த தலையணைகளில் தலைவைத்து அந்த வருஷத்துப் பெண்கள் பலர் கல்யாணமாகிப் போனார்கள்.

இதையெல்லாம் டீச்சர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமல் போனது சாப்பாடு. முனியம்மா அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். காய் நறுக்க வந்தால் கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள். டீச்சர் தட்டில் காந்தல் விழுந்தது, ரசத்தில் அடிமண்டியே இல்லாமல் மேல்தண்ணி மட்டும் வந்தது. அவர் பக்கத்தில் உட்காருகிற பாவத்துக்கு எனக்கும் அதேதான். பலநாள் பொறுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன்.

"முனியம்மா, உங்க மூக்குக்காகத்தானே அவங்க டிராயிங் வகுப்பையே விட்டாங்க?"

"எம் மூக்கு இல்லயாமே," என்றாள். அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். "அந்தக் கடைக்காரன் சொன்னா சொல்லிட்டுப் போறான். அவன் யாரு, நா யாரு. இந்த அம்மா சொல்லிச்சே, நா சும்மா நின்னேன்னு. கால் மரத்துப் போயி நின்னுகினு இருந்தது யாரு? சண்ட வந்தப்ப ஒரு பேரு, சொதந்தரம் வந்தப்ப ஒரு பேரு. நா ஒருத்தி இங்க கீறேன்னு அந்தம்மாவுக்குத் தெரியுமான்னு கேட்டுச் சொல்லு."

நான் கேட்டுச் சொன்னேன். டீச்சர் அன்று ராத்திரி சாப்பிட வரவில்லை.

ஒருவழியாக எல்லை முடிவானது. முனியம்மாவின் ஊர் சென்னை மாநிலத்துக்குப் போனது. அவள் மகன் பெரியவனாகித் தனியாகப் பயிர் வைக்க ஆரம்பித்திருந்தான். நீ வந்துவிடு என்று ஆள் அனுப்பினான். முனியம்மா கிளம்புவதற்கு முந்தின வாரம் டீச்சர் சமையலறை வாசலில் போய் நின்றார். நானும் பின்னால் போனேன்.

"படத்தை நீ எடுத்துக்கினு போ," என்றார்.

"எந்தப் படத்த? நாட்டு அம்மாவையா?"

"உன் படத்தை."

முனியம்மா அரிவாள்மணையை ஓரமாக வைத்தாள். "நல்லதுதான். கன்னுக்குட்டி கட்ற எடத்துல மழ அடிக்குது. தட்டிக்குப் பதிலா வெச்சிக்கறேன்."

முனியம்மா டீச்சர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா சொன்னேன்," என்றாள். "ஊட்ல மாட்றேன். செவுரு கொள்ளுமான்னுதான் தெரியல."

"கைல யாழ் இருக்குது, அதைச் சுரண்டிடறேன். வேற என்ன கொடுக்கட்டும்? கதிரா? கரண்டியா? நீயே சொல்லு."

"ஒண்ணியும் வாணாம்."

"ஒண்ணும் இல்லாம எப்படி?"

"எத்தினி வருசமா எதனா ஒண்ணப் புடிச்சிக்கினே நிக்கிறேன். வுடு, சும்மா கீட்டும்."

அந்த ஒரு வாரம் டீச்சர் பட்ட பாட்டை நான் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டேன். நாற்காலியை இழுப்பார், உட்காருவார், எழுவார், தனக்குத்தானே திட்டிக்கொள்வார். எதையும் பிடிக்காத கையை அவர் எழுதியதே இல்லை. விரலை மடக்கினால் பிடிக்கப் போவது மாதிரி இருந்ததாம், நீட்டினால் கேட்பது மாதிரி இருந்ததாம். கடைசியில் முனியம்மாவே வந்து முன்னால் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு ஊரில் மகன் போட்டிருக்கும் கரும்பைப் பற்றிப் பேசினாள். அவள் பேசப் பேச டீச்சர் எழுதினார். காய் யாரும் நறுக்கவில்லை. அன்றைக்கு ஹாஸ்டலில் கஞ்சியும் ஊறுகாயும்தான்.

அவள் புறப்பட்ட நாளில் நாங்களும் கூடப் போனோம். பள்ளிப்பட்டு பஸ்ஸின் மேலே படத்தைக் கிடத்தி, என் படுக்கை விரிப்பைப் போர்த்திக் கயிறு கட்டியிருந்தது. வழியில், புதிதாக எல்லை ஆகியிருந்த இடத்தில், செக்போஸ்ட் போட்டிருந்தார்கள். அரிசி மூட்டை கடத்துகிறார்களா என்று பார்க்க ஓர் இளம் கான்ஸ்டபிள் ஏணியில் ஏறிக் கூரைக்குப் போனான். விரிப்பை விலக்கினான். மேலே பூட்ஸ் கால் வேகமாகப் பின்வாங்குவது கேட்டது.

"இதி எவரு?" என்று தெலுங்கில் கண்டக்டரைக் கேட்டான். கண்டக்டர் எங்களைக் காட்டினார். அவன் தமிழுக்கு மாறினான். "ஏம்மா, இது சாமியா? சாமின்னா சொல்லிடுங்க. நா பூட்ஸோட நிக்கிறேன்."

டீச்சர் பஸ்ஸிலிருந்து இறங்கி ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். ஒரு கண்ணை மூடினார். அவர் இனிமேல் ஜெர்மனியில் ஆரம்பித்து வந்து சேர்வதற்குள் பஸ் போய்விடும்.

"சாமி இல்லப்பா," என்றார். "முனியம்மா. பள்ளிப்பட்டுக்குப் பக்கத்து ஊரு. அதோ, உள்ள ஜன்னலோரம் உக்காந்திருக்குது பாரு."

கான்ஸ்டபிள் கூரை விளிம்பில் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தான். முனியம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மேலே பார்த்தாள். அவன் இந்த முகத்தைப் பார்த்தான், திரும்பிப் படத்தைப் பார்த்தான்.

"ஆமா," என்றான். "இந்தம்மாதான்."

"நாந்தான்," என்றாள் முனியம்மா. "சீக்கிரம் மூடிக் கட்டு நைனா. மூஞ்சில வெயில் அடிக்குது."